சினைப்பைப் புற்றுநோயும் மைக்ரோ ஆர்.என்.ஏக்களும்: நோயாளிகளும் பராமரிப்பவர்களும் அறிய வேண்டியவை

சினைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும்போது, அகற்றப்பட்ட கட்டியின் ஒரு சிறு பகுதியை மைக்ரோ ஆர்.என்.ஏ ஆய்வுக்குத் தரச் சம்மதமா என்று மருத்துவமனையில் உங்களிடம் கேட்கப்படலாம். ஒரு துளி இரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏவை அளந்து புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியலாம் என்னும் விளம்பரத்தை உங்கள் உறவினர் ஒருவர் அனுப்பியிருக்கலாம். இச்சொல் எதைக் குறிக்கிறது, சினைப்பைப் புற்றுநோயில் அதன் பங்கு என்ன, உங்கள் சிகிச்சையில் இன்று அதற்கு இடம் உண்டா என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

• மைக்ரோ ஆர்.என்.ஏக்கள், எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் மிகச் சிறிய மூலக்கூறுகள். அவை எல்லோர் உடலிலும் உள்ளன.
• சினைப்பைப் புற்றுநோயில் சில மைக்ரோ ஆர்.என்.ஏக்கள் குறைகின்றன, சில மிகுகின்றன. நோய் பரவுவதிலும் மருந்துக்கு இணங்குவதிலும் இம்மாற்றங்களுக்குப் பங்கு உண்டு.
• சினைப்பைப் புற்றுநோயைக் கண்டறிய வழக்கமான மருத்துவத்தில் பரிந்துரைக்கப்படும் மைக்ரோ ஆர்.என்.ஏ பரிசோதனை இதுவரை இல்லை. மைக்ரோ ஆர்.என்.ஏவை அடிப்படையாகக் கொண்ட புற்றுநோய் மருந்தும் இதுவரை ஒப்புதல் பெறவில்லை.
• நீடிக்கும் வயிற்று உப்புசம், வலி போன்ற அறிகுறிகளைக் கவனித்தலும், பரம்பரை மரபணுப் பரிசோதனையும், தகுதியுள்ள மருத்துவக் குழுவின் சிகிச்சையும் இன்று உங்களுக்கு உறுதியாகப் பயன்படுபவை.

மைக்ரோ ஆர்.என்.ஏ என்றால் என்ன?

நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் மரபணுக்கள் உள்ளன. ஒரு புரதம் தேவைப்படும்போது, அதற்குரிய மரபணுவிலிருந்து தூது ஆர்.என்.ஏ என்னும் நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகலைப் படித்து உயிரணு புரதத்தை உருவாக்குகிறது. ஏறக்குறைய 22 எழுத்துகள் நீளமே உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ, தனக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏவைப் பற்றிக்கொண்டு அதைச் சிதைக்கவோ, படிக்கப்படாமல் தடுக்கவோ செய்கிறது. அதனால் அப்புரதத்தின் அளவு குறைகிறது.

வயலுக்கு நீர் பாய்ச்சும் மடையை இதற்கு ஒப்பிடலாம். வாய்க்காலில் ஓடும் நீர் ஒன்றே. எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்பதை மடையைத் திறப்பதும் அடைப்பதுமே முடிவு செய்கின்றன. மடை உடைந்தால் ஒரு வயல் மூழ்கும். அடைத்தே கிடந்தால் மற்றொன்று காயும். மைக்ரோ ஆர்.என்.ஏவின் வேலையும் இத்தகையதே. ஒரு வேறுபாடு உண்டு: ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ நூற்றுக்கணக்கான தூது ஆர்.என்.ஏக்களைக் கட்டுப்படுத்தக்கூடும். ஆகவே ஒன்று மாறினால் அதன் விளைவு பல இடங்களில் தெரியும்.

இம்மூலக்கூறுகளை விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் ஆகிய அமெரிக்க அறிவியலாளர்கள் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவில் கண்டறிந்து 1993-இல் வெளியிட்டனர். அது அந்தப் புழுவுக்கே உரிய ஒரு விந்தை என்றே பலரும் கருதினர். 2000-இல் கண்டறியப்பட்ட லெட்-7 என்னும் மற்றொரு மைக்ரோ ஆர்.என்.ஏ மனிதர்களிடமும் இருப்பது தெரிந்த பிறகே அதன் முக்கியத்துவம் புலப்பட்டது. இக்கண்டுபிடிப்புக்காக அவ்விருவருக்கும் 2024-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சினைப்பைப் புற்றுநோயில் என்ன நிகழ்கிறது?

சினைப்பைப் புற்றுநோய் ஒரே நோய் அன்று. அதில் பல வகைகள் உண்டு. பெரும்பாலோரிடம் காணப்படுவது உயர்நிலை சீரஸ் வகை. இவ்வகையின் பெரும்பகுதி, சினைப்பையை ஒட்டியிருக்கும் கருக்குழாயின் நுனியில் தொடங்குவதாக இன்று கருதப்படுகிறது. புற்றணுக்கள் கட்டியிலிருந்து உதிர்ந்து, வயிற்றறையில் உள்ள நீரில் மிதந்து, வயிற்றின் உட்சவ்விலும் குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையிலும் ஒட்டி வளர்கின்றன. வயிற்றில் நீர் சேர்வதும், பலருக்கு நோய் பரவிய பின்னரே தெரியவருவதும் இதனாலேயே.

இந்தப் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் மைக்ரோ ஆர்.என்.ஏக்களின் பங்கு ஆராயப்பட்டுள்ளது. அவற்றுள் முக்கியமான மூன்றைக் கீழே காணலாம்.

1. ஒட்டியிருப்பதும் பிரிந்து செல்வதும்

இயல்பான உயிரணுக்கள் ஈ-கேடரின் என்னும் புரதத்தால் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. ஜெப்1, ஜெப்2 என்னும் இரு புரதங்கள் அப்பிணைப்புப் புரதத்தின் உற்பத்தியை நிறுத்தக்கூடியவை. மிர்-200 குடும்பத்தைச் சேர்ந்த மைக்ரோ ஆர்.என்.ஏக்கள் இவ்விரண்டையும் அடக்கி வைக்கின்றன. மிர்-200 குறைந்தால் ஜெப் புரதங்கள் மிகுந்து, பிணைப்பு தளர்கிறது. உயிரணுக்கள் பிரிந்து நகரும் தன்மையைப் பெறுகின்றன.

2. பெருகுவதும் மடிவதும்

பழுதடைந்த உயிரணுவைப் பெருகவிடாமல் தடுக்கும் காவல் புரதம் பி53. அது தன் பணியைச் செய்யும்போது மிர்-34 குடும்பத்தைத் தூண்டுகிறது. மிர்-34, உயிரணுப் பெருக்கத்துக்குத் தேவையான பல புரதங்களைக் குறைக்கிறது. 2011-இல் வெளியான ஒரு பெரும் ஆய்வு, உயர்நிலை சீரஸ் வகையைச் சேர்ந்த 316 கட்டிகளின் மரபணுக்களைப் படித்து, அவற்றுள் 96 சதவீதத்தில் பி53 மரபணு மாறியிருப்பதைக் கண்டது. காவல் புரதம் பழுதானால், அது ஏவிவிடும் மிர்-34-ம் குறைகிறது. வளர்ச்சியைத் தூண்டும் சில புரதங்களை அடக்கும் லெட்-7 குடும்பமும் பல கட்டிகளில் குறைந்து காணப்படுகிறது. இதற்கு மாறாக, வளர்ச்சிக்குத் தடையாக உள்ள புரதங்களைக் குறைக்கும் மிர்-21 மிகுந்து காணப்படுகிறது.

3. மருந்துக்கு இணங்குவதும் எதிர்த்து நிற்பதும்

முதலில் நன்கு சுருங்கிய கட்டி, சில மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்து அதே மருந்துக்கு இணங்காமல் போவது சினைப்பைப் புற்றுநோயின் பெரும் துயரங்களுள் ஒன்று. ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட சினைப்பைப் புற்றணுக்களில் மிர்-214 மிகும்போது, அவை சிஸ்பிளாட்டின் மருந்தைத் தாங்கி உயிர்பிழைப்பது 2008-இல் காட்டப்பட்டது. மிர்-200சி குறைந்த புற்றணுக்களில் அதை மீண்டும் சேர்த்தபோது, பாக்லிடாக்சல் மருந்துக்கு அவை கூடுதலாக இணங்கியதும் காணப்பட்டது.

இம்மூன்றையும் படிக்கும்போது, 'நல்ல' மைக்ரோ ஆர்.என்.ஏ, 'கெட்ட' மைக்ரோ ஆர்.என்.ஏ என்று பிரித்துவிடலாம் எனத் தோன்றும். உண்மை அவ்வளவு எளிதன்று. ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ ஒரு வகைக் கட்டியில் ஒரு விதமாகவும், மற்றொரு வகையில் வேறு விதமாகவும் செயல்படக்கூடும். மிர்-200 குடும்பத்தைப் பற்றிய ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முரண்பட்ட முடிவுகளைத் தந்துள்ளன. ஆகவே ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏவின் அளவை மட்டும் கொண்டு உங்கள் நோயின் போக்கை எவரும் கணித்துவிட முடியாது.

இந்த மாற்றம் பரம்பரையாக வருமா? என் பழக்கங்களால் வந்ததா?

பெரும்பாலான மைக்ரோ ஆர்.என்.ஏ மாற்றங்கள் கட்டி உருவாகி வளரும்போது அதனுள்ளேயே நிகழ்பவை. அவை தாயிடமிருந்து மகளுக்குச் செல்வதில்லை. நீங்கள் உண்ட உணவோ, பட்ட கவலையோ, செய்த வேலையோ குறிப்பிட்ட ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏவைக் கெடுத்து இந்நோயைத் தந்தது என்று சொல்ல அடிப்படை இல்லை. உங்களை நீங்களே குறை கூறிக்கொள்ள வேண்டாம்; பிறர் கூறவும் இடம் தர வேண்டாம்.

இதற்கு ஓர் அரிய விலக்கு உண்டு. மைக்ரோ ஆர்.என்.ஏக்கள் முதலில் நீண்ட இழைகளாக உருவாகி, பின்னர் டைசர் என்னும் நொதியால் உரிய நீளத்துக்கு வெட்டப்படுகின்றன. இந்த நொதிக்கான டைசர்1 மரபணுவில் சிலர் பிறவியிலேயே மாற்றத்துடன் பிறக்கின்றனர். செர்டோலி-லேடிக் கட்டி என்னும் அரிய சினைப்பைக் கட்டிக்கும் இம்மரபணு மாற்றத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இது பெரும்பாலும் சிறுமியரிடமும் இளம்பெண்களிடமும் வருவது. மாதவிடாய் நிற்றல், குரல் தடித்தல், முகத்தில் முடி வளர்தல் ஆகியன இதன் அறிகுறிகளாக இருக்கலாம். இதே மரபணு மாற்றம் உள்ள குடும்பங்களில் குழந்தைகளுக்கு ஒருவகை நுரையீரல் கட்டியும், இளம் வயதிலேயே தைராய்டு கழலையும் வரக்கூடும். உங்கள் வீட்டில் ஒருவருக்கு இக்கட்டி உறுதி செய்யப்பட்டிருந்தால், டைசர்1 பரிசோதனை பற்றியும் மரபணு ஆலோசனை பற்றியும் மருத்துவரிடம் தவறாமல் கேளுங்கள். உடன்பிறந்த குழந்தைகளின் நலனும் இதில் அடங்கியுள்ளது.

இரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏவை அளந்து நோயை முன்கூட்டியே அறியலாமா?

இந்த நம்பிக்கைக்கு நியாயமான காரணம் உண்டு. மைக்ரோ ஆர்.என்.ஏக்கள் இரத்தத்தில் எளிதில் சிதையாமல் நிலைத்திருக்கின்றன. புற்றணுக்களும் அவற்றை இரத்தத்தில் வெளியிடுகின்றன. எனினும் பரிசோதனையாகப் பயன்படுத்துவதற்கு மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது, அளவிடுவதில் உள்ள சிக்கல். இரத்தச் சிவப்பணுக்களிலும் மைக்ரோ ஆர்.என்.ஏக்கள் நிறைந்துள்ளன. இரத்தம் எடுக்கும்போதோ கொண்டுசெல்லும்போதோ சிவப்பணுக்கள் உடைந்தாலே அளவுகள் மாறிவிடும். ஓர் ஆய்வகம் கண்ட முடிவு மற்றோர் ஆய்வகத்தில் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, கணக்கில் உள்ள சிக்கல். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அறிகுறி ஏதுமற்ற 10,000 பெண்களில் 4 பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பரிசோதனை அந்த 4 பேரையும் கண்டுபிடித்துவிடுகிறது. நோயற்றவர்களில் 100-க்கு 99 பேருக்குச் சரியாக 'இல்லை' என்கிறது. கேட்பதற்கு மிகச் சிறந்த பரிசோதனை. ஆனால் மீதமுள்ள ஒரு சதவீதம் என்பது ஏறக்குறைய 100 பெண்கள். ஆக, 'இருக்கலாம்' என்று முடிவு வரும் 104 பேரில் 4 பேருக்கு மட்டுமே நோய் உள்ளது. மற்ற 100 பேரும் அச்சத்துடன் அடுத்தடுத்த பரிசோதனைகளுக்கு உள்ளாக நேரிடும். சிலருக்கு அறுவை சிகிச்சை வரை செல்லும்.

இது வெறும் கணக்கு அன்று. சி.ஏ.125 இரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்ட பெரும் ஆய்வின் முடிவு 2011-இல் வெளியானது. அதில் 3,285 பெண்களுக்கு நோய் இல்லாமலே 'இருக்கலாம்' என்று வந்தது. அவர்களுள் 1,080 பேர் அறுவை சிகிச்சைக்கு உள்ளாயினர். 163 பேருக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டது.

மூன்றாவது, முன்கூட்டிக் கண்டறிவது மட்டுமே உயிரைக் காத்துவிடாது என்னும் கசப்பான உண்மை. பிரிட்டனில் 50 முதல் 74 வயது வரையிலான 2,02,638 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வின் இறுதி முடிவு 2021-இல் வெளியானது. ஆண்டுதோறும் சி.ஏ.125 அளவைத் தொடர்ந்து கவனித்த பிரிவில், தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்டோர் கூடுதலாக இருந்தனர். ஆயினும் இந்நோயால் இறந்தோர் எண்ணிக்கை குறையவில்லை. எந்தப் புதிய இரத்தப் பரிசோதனையும், மைக்ரோ ஆர்.என்.ஏ பரிசோதனை உட்பட, இந்த அளவுகோலைத் தாண்ட வேண்டும்: நோயைக் காண்கிறதா என்பது போதாது, உயிரைக் காக்கிறதா என்பதே கேள்வி.

ஆகவே, பணம் செலுத்திச் செய்துகொள்ளும் மைக்ரோ ஆர்.என்.ஏ இரத்தப் பரிசோதனையை எவரேனும் உங்களுக்கோ உங்கள் மகளுக்கோ பரிந்துரைத்தால், முதலில் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கலந்து பேசுங்கள். அதில் 'இல்லை' என்று வந்த முடிவை நம்பி, தொடரும் அறிகுறிகளைப் புறக்கணிப்பதே பெரும் ஆபத்து.

மைக்ரோ ஆர்.என்.ஏ மருந்து கிடைக்கிறதா?

குறைந்துபோன மைக்ரோ ஆர்.என்.ஏவை மருந்தாகத் திரும்பக் கொடுக்கலாம், மிகுந்துபோனதைத் தடுக்கலாம் என்பது இத்துறையின் நோக்கம். மிர்-34-இன் செயற்கை வடிவமான எம்.ஆர்.எக்ஸ்.34 என்னும் மருந்து, கல்லீரல் புற்றுநோய் உள்ளிட்ட முற்றிய புற்றுநோய்கள் கொண்டவர்களிடம் 2013-இல் முதன்முறையாகச் சோதிக்கப்பட்டது. சிலரிடம் கட்டி சுருங்கியது. ஆனால் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தொடர்பான கடுமையான பக்கவிளைவுகள் ஏற்பட்டதால் 2016-இல் அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது.

மருந்தைப் புற்றணுக்களுக்கு மட்டும் கொண்டுசேர்ப்பதும், பல புரதங்களை ஒரே நேரத்தில் மாற்றுவதால் வரும் தீங்கைத் தவிர்ப்பதும் இன்னும் தீர்க்கப்படாத சவால்கள். இதற்கு உறவான மற்றொரு வகைச் சிறு ஆர்.என்.ஏவைக் கொண்ட பட்டிசிரன் என்னும் மருந்து, ஓர் அரிய பரம்பரை நரம்பு நோய்க்கு 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எனவே இவ்வழி அடைபட்டதன்று. எனினும் சினைப்பைப் புற்றுநோய்க்கு இன்று தரப்படும் சிகிச்சையைத் தள்ளிவைத்து இதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

இன்று உங்களுக்குப் பயன்படுபவை

அறிகுறிகளைக் கவனித்தல்: வயிற்று உப்புசம், சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிடுதல், அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி, அடிக்கடி அல்லது அவசரமாகச் சிறுநீர் கழிக்கும் உணர்வு ஆகியன புதிதாகத் தோன்றி, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் இருந்தால் மருத்துவரை அணுகுங்கள். 50 வயதைக் கடந்தவர்கள் இதைச் செரிமானக் கோளாறு என்று ஒதுக்கிவிடக் கூடாது. மாதவிடாய் நின்ற பின் இரத்தப்போக்கு இருந்தால் உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மரபணுப் பரிசோதனை: பி.ஆர்.சி.ஏ.1 மரபணு மாற்றம் உள்ள 100 பெண்களில் ஏறக்குறைய 44 பேருக்கும், பி.ஆர்.சி.ஏ.2 மாற்றம் உள்ள 100 பேரில் ஏறக்குறைய 17 பேருக்கும் 80 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வரக்கூடும் என்று 2017-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சீரஸ் உள்ளிட்ட எபிதீலியல் வகைப் புற்றுநோய் உறுதியான ஒவ்வொருவருக்கும், குடும்பத்தில் வேறு எவருக்கும் நோய் இல்லாவிட்டாலும், இப்பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. முடிவைப் பொறுத்து ஒலாபரிப் போன்ற மாத்திரைகள் உங்களுக்குப் பயன்படலாம். உங்கள் சகோதரிகளும் மகள்களும் தங்களைக் காத்துக்கொள்ள வழி பிறக்கலாம்.

முறையான சிகிச்சை: மகளிர் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்றவர் செய்யும் அறுவை சிகிச்சையும், கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் மருந்துகளைக் கொண்ட கீமோதெரபியும் பெரும்பாலோருக்கு அடிப்படைச் சிகிச்சை. குறித்த நாளில் தவறாமல் பெறுவது முக்கியம்.

ஆய்வில் பங்கேற்கக் கேட்டால்

உங்கள் கட்டித் திசுவையும் இரத்தத்தையும் ஆய்வுக்குத் தருவது பிற்காலத்தில் பலருக்குப் பயன்படும் செயல். ஆயினும் அது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது. மறுத்தாலும், இடையில் விலகினாலும் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. கையொப்பமிடும் முன் பின்வருவனவற்றைக் கேட்டறியுங்கள்:

• இதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உள்ளதா?
• சிகிச்சைக்காக எடுக்கப்பட்ட திசுவே பயன்படுத்தப்படுமா, அல்லது கூடுதலாக ஊசியோ அறுவையோ தேவையா?
• இதன் முடிவு எனக்குத் தெரிவிக்கப்படுமா? என் சிகிச்சையை அது மாற்றுமா?
• என் பெயரும் விவரங்களும் எவ்வாறு பாதுகாக்கப்படும்?
• ஆய்வுக்கென எடுக்கப்படும் பரிசோதனைகளுக்கு நான் பணம் செலுத்த வேண்டுமா?

புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வாக இருந்தால், அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்யப்பட்டுள்ளதா என்று கேளுங்கள். 2009 முதல் இப்பதிவு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பதிவு எண்ணைக் கூற இயலாத எவரிடமும் 'சோதனை மருந்து' என்று பணம் கொடுத்து எதையும் பெறாதீர்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டுக்கு எடுத்துச் சென்று குடும்பத்தாருடன் படித்த பின் முடிவு செய்யலாம்.

பராமரிப்பவர்களுக்கு

நோயுற்றவருக்காக இணையத்தில் இரவும் பகலும் தேடும்போது, 'மைக்ரோ ஆர்.என்.ஏ புற்றுநோயை அழித்தது' என்னும் தலைப்புகள் உங்கள் கண்ணில் படும. அச்செய்தியில் இரண்டை மட்டும் பாருங்கள்: சோதனை நடந்தது ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களிலா, எலிகளிலா, மனிதர்களிலா? மனிதர்கள் எனில், அவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தனர் அல்லது நலமாக வாழ்ந்தனர் என்று காட்டப்பட்டதா? இவ்விரு கேள்விகளுக்கும் விடை கிடைக்காத செய்தியை, நோயுற்றவரிடம் நம்பிக்கையாக எடுத்துச் செல்லும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைச் சந்திக்கும்போது இக்கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள்:

• எனக்கு வந்திருப்பது சினைப்பைப் புற்றுநோயின் எந்த வகை? எந்த நிலை?
• எனக்குப் பரம்பரை மரபணுப் பரிசோதனை செய்யப்பட்டுள்ளதா? முடிவு என்ன?
• என் மகள்களும் சகோதரிகளும் என்ன செய்ய வேண்டும்?
• என் நோய்க்குப் பொருத்தமான பதிவு பெற்ற ஆய்வு ஏதேனும் நடைபெறுகிறதா?

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது அறிதலுக்கானவை. உங்கள் சிகிச்சை குறித்த முடிவுகளை உங்கள் மருத்துவரின் ஆலோசனையுடன் மட்டுமே எடுங்கள்.